நாற்பத்தோராயிரம் திருமூர்த்திகள்

சாந்தாமணியின் கணவர் பதினொரு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நேற்று ஒரு நாளில் மட்டும் ஆயிரத்து எழுநூறு பேரோடு பேசியிருந்தார். அதில் ஆயிரத்துச் சொச்சம் பேர் பெண்கள்.

இதை ரெஜினா சந்தோஷமாகத்தான் சொன்னாள். 'திறந்தவாசல்' என்கிற இலவச இணையக் கல்வி நிறுவனத்தின் கோவைக் கிளையில் அவளுக்கு வேலை. நல்ல சேதி சொல்லிவிட்டு ஒரு கையெழுத்தும் வாங்கிப் போகலாம் என்று காலை பஸ்ஸைப் பிடித்து உடுமலைப்பேட்டைக்கு வந்திருந்தாள். சாந்தாமணி காபி டம்ளரை அவள் முன்னால் வைத்த வேகத்தில் பாதி டபராவுக்குள் போய்விட்டது.

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு திருமூர்த்தி ஐயாங்க அம்மா. மொத்தம் நாப்பத்தோராயிரம் பேரு படிக்கறாங்க. யாழ்ப்பாணம், மலேசியா, ஜெர்மனின்னு எங்கெங்கிருந்தோ சேந்திருக்காங்க. அவங்கவங்க ஐயாவுக்கு அவங்கவங்க கஞ்சி ஊட்டறாங்க, தலை சீவி விடறாங்க, புரட்டிப் படுக்க வெக்கறாங்க. ஒருத்தருகிட்டப் பேசுனது இன்னொருத்தருக்குத் தெரியாது."

"என்ர ஊட்டுக்காரருக்கு நாப்பத்தோராயிரம் பேரு தலை சீவறாங்களாக்கும்," என்றாள் சாந்தாமணி.

ரெஜினாவுக்கு அந்தக் குரலின் சூடு உறைக்கவில்லை. சின்னப் பெண், கல்யாணம் ஆகாதவள்.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் திருமூர்த்திக்கு முதல் வாதம் வந்தபோது வலது கையும் காலும் விழுந்தன, பேச்சு விழவில்லை. அந்தச் சமயத்தில்தான் திறந்தவாசல்காரர்கள் வந்தார்கள். சமூகம், உடல்நலம், வீட்டுப் பராமரிப்பு என்று யார் வேண்டுமானாலும் தமிழில் இலவசமாகப் படிக்கிற மாதிரி ஒரு பாடத்திட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கிறவரைப் பார்த்துக்கொள்வது படித்து வருகிற வித்தையா? தொட்டுப் பழக ஒரு நோயாளி வேண்டும். அத்தனை பேரையும் ஒரு நோயாளியின் கட்டிலுக்கு அனுப்பவும் முடியாது. அதனால் ஒரு நிஜ மனிதரை எட்டு மாதம் பதிவு செய்து, அவரைப் போலவே பேசி, இருமி, சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற நகல் ஒன்றைச் செய்தார்கள். 'டேப்' என்கிற பலகைக் கணினியில் அவரைப் பார்க்கலாம், பேசலாம். கூடவே வருகிற கையுறையைப் போட்டுக்கொண்டால் அவர் தோளின் கனம்கூடக் கையில் தெரியும்.

திருமூர்த்தி குஷியாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் என்ன? முப்பத்தோரு வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸில் அவர் வாய் ஓயாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விடுகதை போடுவார், பூக்காரிக்குப் பதில் சொல்வார், முன் வாசலில் தொங்குகிறவனைப் பேசியே உள்ளே இழுத்துவிடுவார். யார் ஏறினாலும் அவருக்குக் 'கண்ணு', பெண்பிள்ளை என்றால் 'அம்மிணி'யும் உண்டு. வீட்டுக்கு வரும்போது மட்டும் வாயை டிப்போவிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்துவிடுவார் என்று சாந்தாமணி பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தாள்.

"ஏனுங்க, சோறு வெக்கட்டுங்களா?"

"ம்."

"ஏனுங்க, பையனுக்குப் பொண்ணு பாக்கலாங்களா?"

"ம்."

முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தை அந்த ஒரு 'ம்'மிலேயே ஓட்டிவிட்டார் மனுஷன். பதிவு முடிந்த பிறகு இரண்டாவது வாதம் வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனது. இப்போது கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். இடது கையில் பலம் இருக்கிறது என்று பிசியோதெரபிக்காரர் ஒவ்வொரு வாரமும் சொல்கிறார். "கைக்கு ஒண்ணுமில்லீங்க, மனசுலதான் ஆசை இல்ல. எதாச்சும் ஒண்ணு வேணும்னு அவருக்குத் தோணணும்" என்பார். பதினொரு மாதமாக அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

"ஒப்பந்தம் இந்த முப்பதாந்தேதியோட முடியுதுங்க அம்மா," என்று ரெஜினா தாளை நீட்டினாள். "ஐயாவால இனிக் கையெழுத்துப் போட முடியாதுங்கறதால நீங்கதான் போடணும். சம்மதம்னா தொடரும். வேண்டாம்னு எழுதுனீங்கன்னா அன்னிக்குச் சாயங்காலமே எல்லாரோட ஐயாவையும் நிறுத்திடுவோம். அது உங்க உரிமை."

"பேனா இருக்குதா அம்மிணி?"

அந்த வேகத்தைப் பார்த்ததும் ரெஜினாவுக்குக் கொஞ்சம் உறைத்தது. தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை அவரப் பாத்துட்டு எழுதுங்களேன். டேப்பும் கையுறையும் கொண்டாந்திருக்கேன். எந்தப் பேருல வேணும்னாலும் பதிஞ்சுக்கலாம். அவருக்கு நீங்க யாருன்னு தெரியாது, புதுசாப் படிக்க வந்தவங்கன்னுதான் நெனைப்பாரு."

ரெஜினா போனதும் சாந்தாமணி டேப்பைத் துணி அலமாரியில் போட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்தினவள் சும்மா இருந்திருக்கலாம். மாணவர்கள் பேசிக்கொள்கிற பக்கம் ஒன்று இருப்பதாக ரெஜினா வாய்தவறிச் சொல்லியிருந்தாள். மத்தியானம் கைபேசியில் அதைத் திறந்து பார்த்தாள்.

முதல் இடத்தில் ஒருத்தி இருந்தாள். லோகநாயகி, ஈப்போ, மலேசியா. வயது அறுபத்து மூன்று. திருமூர்த்தியோடு இருந்த நேரம், இருநூற்றுப் பன்னிரண்டு மணி. ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் படிக்க எதற்கடி இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்? கீழே அவள் எழுதியிருந்தாள்: 'இன்று என்னை லோகு அம்மிணி என்று கூப்பிட்டார். சின்ன வயதில் திருமூர்த்தி மலை அருவியில் வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட கதையைச் சொன்னார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.'

சாந்தாமணி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அந்த முழங்கால் தழும்பை அவள் முப்பத்தாறு வருடமாகப் பார்க்கிறாள். தினம் துடைத்து விடுகிறாள். சைக்கிளிலிருந்து விழுந்திருப்பார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள், கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் சொல்லியிருப்பாராக்கும்.

அன்றைக்கு உடம்பு துடைத்து விடும்போது அந்தத் தழும்பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். "அருவீல உழுந்தீங்களாமா? ஈப்போவுல சொல்லிக்கறாங்க." திருமூர்த்தி கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்து டேப்பை எடுத்தாள். தங்கச்சி கலாமணியின் பேரைப் போட்டுப் பதிந்தாள். வேவு பார்க்கத்தான், வேறொன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

முதலில் சமூகப் பாடம். 'வீட்டில் நோயாளியைக் கவனிப்பது பெரும்பாலும் பெண்ணின் வேலையாக இருப்பது ஏன்?' என்று ஒரு கேள்வி. நான்கு விடைகள் நீளநீளமாகக் கொடுத்திருந்தார்கள். 'வேற யாரு இருக்காங்க' என்பது நான்கிலும் இல்லாததால் அவள் எதையும் தொடாமல் அடுத்ததற்குப் போனாள்.

அடுத்தது செய்முறை. திரையில் அவர் வந்தார். சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீசை ஒழுங்காக இருந்தது. கண்ணில் அந்தப் பஸ்காரக் குறும்பு அப்படியே இருந்தது. 'நோயாளியைத் தொடுவதற்கு முன் அவர் பெயரைச் சொல்லி அழைக்கவும். பெயர் என்பது மரியாதை' என்று கீழே எழுத்து ஓடியது.

பெயரா?

கட்டின நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. உலகம் எங்கேயோ போய்விட்டது, அவள் மருமகளே புருஷனை 'டேய்' என்கிறாள், அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் தன் நாக்கு வளையவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் 'பேஷண்ட் பேரு?' என்றால் ஆதார் அட்டையை நீட்டுவாள். திருமூர்த்தி மலைக்குப் போவதைக்கூட 'மலைக்குப் போறோம்' என்பாள். இப்போது முன்னால் இருப்பது வெறும் நகல்தான், ஊரில் யாரும் கேட்கவில்லை, தான் கலாமணிதான், என்று எல்லாம் சொல்லித் தைரியம் ஏற்றிக்கொண்டு வாயைத் திறந்தாள். வந்தது ஒன்றுதான்.

"ஏனுங்க…"

திரையில் இருந்தவரின் முகம் மாறியது. குறும்பு போயிற்று. மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"ம்," என்றார்.

அவ்வளவுதான். அப்புறம் பேச்சே இல்லை. 'பெயர் சொல்லி அழைத்தல்: பத்துக்குப் பூஜ்யம்' என்று மதிப்பெண் வந்து விழுந்தது.

சாந்தாமணி கோபத்தில் ரெஜினாவைக் கூப்பிட்டாள். "என்ன பொம்மை அம்மிணி செஞ்சு வெச்சிருக்கறீங்க? அந்த ஈப்போக்காரிகிட்ட மணிக்கணக்காப் பேசுது, என்கிட்ட மட்டும் ம்-ங்குது!"

ரெஜினா, "ஏனுங்கன்னு கூப்பிட்டீங்களா அம்மா?" என்றாள்.

"பின்ன எப்புடிக் கூப்புடறது?"

"பதிவு பண்ணும்போது எட்டு மாசமும் அப்படித்தான் நடந்துச்சுங்க. நாங்க எதாச்சும் கேட்டுட்டிருப்போம், அவரும் ஜோராச் சொல்லிட்டிருப்பாரு. சமையல்கட்டுலருந்து உங்க குரல் ஏனுங்கன்னு வரும். வந்துச்சுன்னா போதும், எங்களை அப்படியே பாதியில விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிடுவாரு. அப்பறம் நாங்க கேக்கறது எதுவும் அவரு காதுல ஏறாது. மெஷினும் அதையே கத்துக்கிச்சு. ஐயான்னு கூப்பிட்டுப் பாருங்க, பேசுவாரு."

"திரும்பி என்னத்தக் கிழிச்சாரு? ம்-தான்," என்று வைத்துவிட்டாள்.

ஆனாலும் ஐயா என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

"வாங் கண்ணு! புதுசா? உக்காருங், உக்காருங். ஜன்னலோரம் காலியாத்தான் இருக்குது."

கண்ணு. முப்பத்தாறு வருடத்தில் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு 'இந்தா', இல்லாவிட்டால் 'ஏ'. சாந்தாமணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கண்டவளையெல்லாம் கூப்பிடுகிற வார்த்தைக்காக இப்படி ஏங்கிக் கிடந்தோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சலோடு எரிச்சலாக அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இரண்டு மணி நேரம். அதற்கு மறுநாள் மூன்று.

அருவிக் கதையை அவளுக்கும் சொன்னார். லோகநாயகிக்குச் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார் என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. பஸ்ஸில் சேவலோடு ஏறிய ஒருவன், சேவலுக்கு ஜன்னல் இருக்கை கேட்டு அடம்பிடித்த கதையைச் சொன்னார். கையுறையோடு அவர் தோளைப் பிடித்துத் தூக்கும்போது, "நல்ல புடி கண்ணு, பழக்கமான புடி மாதர இருக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தை அன்று முழுக்க அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பெயருக்கான மதிப்பெண் மட்டும் தினமும் பூஜ்யத்திலேயே நின்றது.

ஒருநாள் கேட்டே விட்டாள். "ஐயா, உங்க ஊட்டுக்காரம்மா எப்புடி?"

"அது ஊட்டு விசயங் கண்ணு. நீங்க கஞ்சியப் பாருங், ஆறுது."

மறுநாளும் கேட்டாள். அதே பதில். சிரித்துக்கொண்டே, ஆனால் கதவைச் சாத்துகிற மாதிரி. சொல்வதற்கு ஒன்றுமே இல்லையாக்கும் என்று நொந்துபோய் மாணவர் பக்கத்தைத் திறந்தாள். லோகநாயகி புதிதாக எழுதியிருந்தாள்: 'உலகத்தில் உள்ளதெல்லாம் சொல்கிறார், மனைவியைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இவரோ யாரிடமும் விட்டுக்கொடுக்காமல் பொத்தி வைத்திருக்கிறார், அந்த அம்மாவை நினைத்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.'

சாந்தாமணி அதை இரண்டு முறை படித்தாள். இவளுக்கென்ன பொறாமை, பேச்சு முழுக்க இவளுக்குத்தானே போகிறது என்று நினைத்தாள். மனசு கொஞ்சம் நெகிழ்ந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. நேரக் கணக்கில் ஈப்போக்காரியை எட்டிப் பிடிக்காமல் விடுவதில்லை என்று தோன்றிவிட்டது.

அப்படித்தான் கட்டிலில் கிடந்தவர் தள்ளிப்போனார். பதினோரு மணிக் கஞ்சி பதினொன்றரையாகி, பன்னிரண்டானது. தலை சீவ மறந்தது. முதலில் சமையல்கட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பேசினாள். அப்புறம் கூடத்தில். கடைசியில், இவருக்கு எங்கே கேட்கப்போகிறது, கேட்டாலும் என்ன தோன்றப்போகிறது என்று கட்டிலோரமே முக்காலியைப் போட்டுக்கொண்டாள். கஞ்சி ஒரு கையில், டேப் தலையணை மேல் சாய்த்து. நிஜத் திருமூர்த்திக்கு ஒரு கரண்டி, நகல் திருமூர்த்தியோடு பத்து வார்த்தை.

இருபத்தொன்பதாம் தேதி காலை. மறுநாள் தாளைக் கொடுத்தாக வேண்டும். 'வேண்டாம்' என்று எழுதினால் ஈப்போக்காரிக்கு அவர் இல்லை. ஆனால் தனக்கும் இல்லை. அதனால்தான் சாந்தாமணிக்குக் கையெழுத்துப் போடக் கை ஓடவில்லை. அந்த யோசனையிலேயே இருந்தவளிடம் நகல் கேட்டார்: "என்ன கண்ணு, மூஞ்சி சுண்டிக் கிடக்குது? அந்தச் சேவல்காரன் அடுத்த வாரம் மறுக்கா ஏறுனானே, சொன்னனா?"

"சொல்லுலீங்க."

"இந்தத் தடவ சேவலக் காணம். உன்ர கூட்டாளி எங்கப்பான்னேன். அவனுக்கு பஸ்ஸு ஒத்துக்கலீங், கொழம்பாயிட்டான்னான்!"

சாந்தாமணி சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, கையிலிருந்த கரண்டிக் கஞ்சி மடியில் சிந்துகிற அளவுக்கு. இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்தே வருடக்கணக்காகிறது.

தலையணை அசைந்தது.

திரும்பிப் பார்த்தாள். போர்வைக்கு மேலே அவருடைய இடது கை நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக, விரல்களால் துணியைப் பற்றிப் பற்றி, நடுங்கிக்கொண்டு. கை டேப்பின் விளிம்பைத் தொட்டது. ஒரு நிமிடம் இளைப்பாறியது. பிறகு ஒரே தள்ளு. டேப் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து தரையில் விழுந்தது.

"ஏனுங்க!" என்று கத்தினாள்.

திருமூர்த்தி கூரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் என்ன இருந்தது என்று சாந்தாமணிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வாரமாக அவள் முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்க்கிற அதே கண்தான்.

"யாரு மேல கோவம்? அந்த ஆளு மேலயா?"

உதடு ஒரு பக்கமாகத் துடித்தது.

"நான் அவுருகூடப் பேசக் கூடாதாக்கும்?"

இடது கை விரல்கள் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டன. விட்டால் எழுந்து போய்விடுவாள் என்கிற மாதிரி பிடித்துக்கொண்டன. சாந்தாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பத்தாறு வருடத்தில் இந்த மனுஷன் அவளுக்காகப் பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை, அதுவும் தன்னைப் பார்த்தே.

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "கண்ணு? இருக்கறீங்களா? இருட்டா இருக்குதே!"

அவள் குனிந்து டேப்பை எடுத்தாள். திரையில் குறுக்காக ஒரு கீறல். அதற்குப் பின்னால் அவர் பொறுமையாகக் காத்திருந்தார். அழகாகத்தான் இருந்தார். யாரோ ஒரு நல்ல மனிதர்.

"திருமூர்த்தி ஐயா," என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. நாக்கு தடுக்கவே இல்லை. திரையின் மூலையில் 'பெயர் சொல்லி அழைத்தல்: பத்துக்குப் பத்து. தேர்ச்சி' என்று பச்சை எழுத்து வந்தது.

"சொல்லுங் கண்ணு."

"நான் இனிமே வரமாட்டனுங்க."

"ஏங் கண்ணு? நான் எதாச்சும் தப்பாப் பேசீட்டனா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்க ஊட்டுக்காரருக்குப் புடிக்கலீங்க."

"அப்ப வேண்டாங் கண்ணு," என்றார் அவர் உடனே. "ஊட்டுல இருக்கறவரப் பாருங். போயிட்டு வாங்."

டேப்பை அணைத்தாள். அலமாரியிலிருந்து தாளை எடுத்து வந்து, கட்டில் சட்டத்தின் மேலேயே வைத்து, 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும். லோகநாயகியும் வைத்துக்கொள்ளட்டும், பாவம், தனியாக இருக்கிறவள். அவளுக்கு வேண்டியது அருவிக் கதைதானே, இங்கே தழும்பே இருக்கிறது.

சேலை நுனியை அவர் இன்னும் விடவில்லை. சாந்தாமணி முக்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். கஞ்சி ஆறிப் போய் மேலே ஏடு கட்டியிருந்தது.

"ஏனுங்க, சூடு பண்ணிக் கொண்டாரட்டுங்களா?"

தொண்டை ஏறி இறங்கியது. முகமெல்லாம் சிவந்தது. பதினொரு மாதமாக அடைத்துக் கிடந்த எதையோ தள்ளிக்கொண்டு, கரகரவென்று, அது வந்தது.

"ம்."

சாந்தாமணி எழுந்திருக்கவில்லை. "என்னுங்க? கேக்குலீங்க, மறுக்காச் சொல்லுங்க," என்றாள்.